மலைப்பனி ஊரில் சர்க்யூட் போர்டு சுத்தம் செய்வது: முழுமையான வழிகாட்டி

ஐப்பசி பிறந்துவிட்டால் கோத்தகிரியில் என் மேசைக்கு வரும் போர்டுகளுக்கெல்லாம் ஒரே முகம்தான். பச்சை போர்டின் மேல் இன்னொரு பச்சை: செம்பில் ஏறிய களிம்பு. கூடலூர், நடுவட்டம் பக்கத்துச் சரக்கு இதே முகத்தோடு ஆனியிலேயே வந்துவிடும். இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர், செட்டாப் பாக்ஸ், தேயிலை எடை போடும் தராசு என எது வந்தாலும் முதலில் சுத்தம் செய்து பார்ப்பேன். பல சமயம் அதற்கு மேல் வேலையே இருக்காது.

வேலை பழக வரும் பையன்கள் சுத்தம் என்றாலே தேய்ப்பது என்று நினைக்கிறார்கள். தேய்ப்பது பத்து நிமிடம், உலர்த்துவது ஒரு ராத்திரி. மேட்டுப்பாளையத்து வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்கிற போர்டு இங்கே மறுநாள் மதியமும் ஈரம் வைத்திருக்கும். கீழே உள்ள வரிசை இந்த ஊருக்காக அடிபட்டுக் கற்றது. வரிசையை மாற்றாதீர்கள்.

1. எதைத் திறக்கக் கூடாது

மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சுமார் 2000 வோல்ட் பிடித்து வைத்திருக்கும். பழைய பிக்சர் டியூப் டிவியில் அதைவிடப் பல மடங்கு. இந்த வழிகாட்டியை நம்பி இரண்டையும் திறக்காதீர்கள். உப்பிய லித்தியம் பேட்டரி உள்ள எதையும் நெம்பாதீர்கள், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

வியாபாரத் தராசில் எடையளவு முத்திரை இருக்கும். அதை உடைத்துப் பழுது பார்க்க உரிமம் உள்ளவருக்குத்தான் அனுமதி; பிறகு மறுமுத்திரையும் வாங்க வேண்டும். என்னிடம் உரிமக்காரர் போர்டை மட்டும் கொண்டு வருவார்.

2. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

முக்கியமானது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கோவையில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் 'ஐபிஏ' என்று கேட்டால் போதும். 99 சதவீதம் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி 30 தண்ணீர். அந்தத் தண்ணீரை வெளியேற்றத்தான் இங்கே நாம் படாத பாடு படுகிறோம்.

ஐபிஏ காற்றிலுள்ள ஈரத்தையும் குடிக்கும். பனி நாளில் மூடி திறந்து வைத்த பாட்டில் சாயங்காலத்துக்குள் தரம் இறங்கிவிடும். சின்ன பாட்டிலில் ஊற்றிப் பயன்படுத்துங்கள், பெரியதை உடனே மூடுங்கள்.

வேண்டாதவையையும் சொல்லிவிடுகிறேன். கை சானிடைசரில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், பிசுபிசுப்பாகப் போர்டில் தங்கிவிடும். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் பல வகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பெட்ரோல் தீ ஆபத்து. துரு விடுவிக்கும் ஸ்ப்ரே எண்ணெய்ப் படலம் விடும், தேயிலைத் தூசி அதன் மேல் மாவு போல ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். குழாய்த் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் உப்பை விட்டுவிட்டுப் போகும். "மழைத் தண்ணி சுத்தம்தானே, அண்ணா?" என்று ஒரு பையன் கேட்டான். தகரக் கூரையில் வழிந்து வந்த தண்ணீர் அது.

அப்புறம் முடி மெத்தென்ற பிரஷ் இரண்டு, பஞ்சு நூல் விடாத துணி, மல்டிமீட்டர், 2.2 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று, 60 வாட் குண்டு பல்பு பொருத்திய சீரிஸ் போர்டு (கருவிக்குப் போகும் கரண்ட் பல்பு வழியாகவே போகும்படி அமைத்த பலகை), கையுறை, மாஸ்க், கண்ணாடி.

இடமும் முக்கியம். ஐபிஏவின் ஆவி 12 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றத் தயாராகிவிடும். நம் ஊர்க் குளிர் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம், பகலில் அறைக்குள் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். ஆவி காற்றைவிடக் கனம், மேசையிலிருந்து இறங்கித் தரையோடு போகும். அங்கேதான் நாம் கால் காய்வதற்கு ஹீட்டரையோ கரிச் சட்டியையோ வைத்திருப்போம். ஐபிஏவைத் திறக்கும் முன் அதை அணைத்து வெளியே எடுங்கள். ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும்.

3. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருக்கும் கரண்ட்

230 வோல்ட் ஏசி, எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளை பகுதிக்குள்ளே டிசியாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகிறது. அதைப் பிடித்து வைப்பது பெரிய உருளை கெப்பாசிட்டர். பிளக்கைப் பிடுங்கினாலும் அது தானாகக் காலியாகும் என்று சொல்ல முடியாது. வடிக்க வேண்டிய ரெசிஸ்டர் கருகிப்போன போர்டில் வெகுநேரம் அப்படியே நிற்கும்.

முதலில் மல்டிமீட்டரை டிசி 600 அல்லது 1000 வோல்ட் ரேஞ்சில் வைத்து அந்த கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் அளந்து பாருங்கள். வோல்ட் இருந்தால், காலில் ஸ்லீவ் போட்ட 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள பிடியால் பிடித்துக் குறுக்கே வையுங்கள். 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றிரண்டு நொடியில் வடிந்துவிடும், நீங்கள் பத்து நொடி வையுங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளக்க வேண்டும், கெப்பாசிட்டரில் கொஞ்சம் வோல்ட் திரும்பி ஏறும். 5 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகே கை வையுங்கள். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், இரண்டு கையும் போர்டில் இருந்தால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும்.

ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து காட்டுகிற சூரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. என் கடையில் ஒருவன் அப்படிச் செய்தபோது படீர் என்ற சத்தத்தோடு செம்புத் தடமே போர்டைவிட்டுப் பெயர்ந்து வந்தது. தூசி மட்டும் தட்ட வந்த ஸ்டெபிலைசர் அது.

யூபிஎஸ்ஸில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினால் அது 'கரண்ட் போய்விட்டது' என்று நினைத்து அவுட்புட்டில் 230 வோல்ட் தர ஆரம்பிக்கும். பேட்டரியை முதலில் கழற்றுங்கள். இன்வெர்ட்டருக்கும் அப்படித்தான். கழற்றிய வயர் முனையில் உடனே டேப் சுற்றுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் முனைகளுக்குக் குறுக்கே மோதிரம் பட்டால் விரலோடு பழுக்கும். மோதிரம், காப்பு, கடிகாரம் எல்லாம் மேசை டிராயருக்குள்.

போர்டில் காசு போன்ற பேட்டரி இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால்தான் செம்பு வேகமாக அரிக்கும். எடுக்கும் முன் கருவியின் செட்டிங்குகளை எழுதி வையுங்கள். தேயிலை டிரையரின் வெப்பக் கன்ட்ரோலரை எழுதாமல் கழற்றிவிட்டு, பாதி ராத்திரியில் ஃபேக்டரிக்கு ஓடியிருக்கிறேன்.

4. போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்

நான்கு பக்கமும் போட்டோ, கனெக்டர் ஒவ்வொன்றுக்கும் கிட்டத்திலிருந்து ஒன்று. வயர் நிறத்தை நம்பாதீர்கள், முன்பு ரிப்பேர் செய்தவர் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார். கனெக்டரை வயரைப் பிடித்து இழுக்காமல் அதன் உடலைப் பிடித்து இழுங்கள்.

5. ஸ்வெட்டரைக் கழற்றுங்கள்

எங்கள் ஊருக்கே உரிய தப்பு இது. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் நாட்களில் காற்று வறண்டிருக்கும். அதில் கம்பளி ஸ்வெட்டரும் நைலான் ஜாக்கெட்டும் உரசினால் கழற்றும்போது சடசடவென்று கேட்குமே, அந்த நிலை மின்சாரம் ஐசியை, அதாவது போர்டிலுள்ள சிப்பை, கொன்றுவிடும். விரலில் சுருக்கென்று நாம் உணர ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும். ஐசி சாக அதில் சிறு பகுதி போதும், நமக்குத் தெரியவே தெரியாது.

பருத்திச் சட்டையோடு உட்காருங்கள். 1 மெகா ஓம் ரெசிஸ்டர் உள்ள கைப்பட்டையை எர்த்தோடு இணைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயரைக் கையில் கட்டி எர்த் செய்யக் கூடாது: தவறி மெயினில் கை பட்டால் அந்த ரெசிஸ்டர்தான் உயிரைக் காப்பது. கரண்ட் ஓடும் போர்டில் வேலை செய்யும்போது பட்டையைக் கழற்றிவிட வேண்டும்.

6. உலர்ந்த அழுக்கை உலர்ந்தபடியே

தூசி மேல் ஐபிஏ ஊற்றினால் சேறாகி ஐசியின் அடியில் போய் உட்காரும். முதலில் பிரஷ், பிறகு கையால் அமுக்கும் ரப்பர் ஊதி. வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும். ஒரு பையன் இன்வெர்ட்டர் போர்டை எதிரிலிருந்த பஞ்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காற்றடித்து வந்தான். கம்ப்ரஸர் டேங்க்கில் தேங்கிய தண்ணீரும் எண்ணெயும் போர்டு முழுக்கப் பூசி வந்தது.

ஃபேன் இருந்தால் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். குளிருக்கு எலியும் பல்லியும் இன்வெர்ட்டருக்குள்தான் குடியிருக்கும், அவற்றின் கழிவைக் கையுறையும் மாஸ்க்கும் இல்லாமல் தொட வேண்டாம்.

7. அழுக்கு எது என்று பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில், லென்ஸ் வைத்து. எல்லாவற்றுக்கும் ஐபிஏ என்பதுதான் புதியவர்களின் அடுத்த தப்பு.

ரிமோட், கடிகாரம் வகையறாவில் செல் கசிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது காரம். வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் லேசாக நுரைத்து அடங்கும். இன்வெர்ட்டரில் பேட்டரிப் பக்கமாக இருக்கும் பாகங்கள் மட்டும் பச்சையும் வெள்ளையுமாக அரித்திருந்தால் அது ஆசிட் ஆவியின் வேலை. ஒரு டம்ளர் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா கலந்து அந்த இடத்தை மட்டும் துடையுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு முறை அலச வேண்டும். இல்லாவிட்டால் மருந்தே புது அழுக்கு.

ஈயம் வைத்த இடத்தில் ஒட்டும் மஞ்சள் பிசின், ஃப்ளக்ஸ். இதற்குத்தான் ஐபிஏ.

பெரிய கெப்பாசிட்டர்களின் காலடியில் காபிக் கறை போலப் பழுப்பாக இறுகியிருப்பதைப் பார்த்து 'கெப்பாசிட்டர் ஒழுகிவிட்டது' என்று மாற்றப் போவார்கள். பல போர்டுகளில் அது ஆடாமல் இருக்க ஃபேக்டரியில் வைத்த பசை. சூட்டில் வருடக்கணக்கில் பழுத்தால் அந்தப் பசையே கரண்ட் கடத்தும், கம்பியையும் அரிக்கும். ஐபிஏவுக்கு மசியாது. மூங்கில் குச்சியைச் சீவிப் பொறுமையாகச் சுரண்டுங்கள்.

களிம்பு ஏறிய இடத்தைச் சுத்தம் செய்த பிறகு தடம் அறுந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்து, வெறும் செம்பு தெரியும் இடத்தில் ஈயம் பூசிவிட வேண்டும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், மிச்சமிருக்கும் செம்பும் போய்விடும்.

8. ஈரச் சுத்தம்

ஈரம் படக் கூடாதவை: மூடி இல்லாத ரிலே, பஸ்ஸர், மைக், திருகும் வால்யூம் கன்ட்ரோல், டிஸ்ப்ளே, ஃபேன் மோட்டார். கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், முடியாவிட்டால் டேப் ஒட்டுங்கள்.

போர்டைச் சாய்வாக நிறுத்துங்கள். மேலிருந்து கீழாக ஐபிஏ விட்டு, பிரஷால் ஒரே திசையில் இழுத்து, கீழே வழிவதைத் துணியில் வாங்குங்கள். துணியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். படுக்க வைத்துத் தேய்த்தால் ஃப்ளக்ஸ் கரைந்து, பரவி, ஐபிஏ பறந்ததும் வெள்ளைப் படலமாக எல்லா இடத்திலும் உட்காரும். முன்பு ஒரு இடத்தில் இருந்த அழுக்கு இப்போது நூறு இடத்தில்.

இதற்கு நான் கொடுத்த விலை ஒரு தராசு. இலை எடுக்கும் இடத்தில் காலையில் 200 கிராம் தப்பாகக் காட்டும், வெயில் ஏறினால் சரியாகிவிடும். இலை கொடுக்க வரும் அம்மாக்கள் சும்மா இருப்பார்களா? அத்தகைய தராசில் எடையை மின்சாரமாக மாற்றித் தரும் லோடு செல், முழு எடைக்கே ஏறக்குறைய 10 மில்லி வோல்ட்தான் தரும். 100 கிலோ தராசில் 20 கிராம் படி என்றால் மொத்தம் 5000 படிகள், ஒரு படிக்கு 2 மைக்ரோ வோல்ட். கனெக்டரின் இரண்டு பின்களுக்கு நடுவே ஈரம் குடித்த ஃப்ளக்ஸ் ஒரு துளி இருந்தாலே எடை ஓடிவிடும்.

அன்று அவசரத்தில் கனெக்டரைச் சுற்றிப் பிரஷால் நன்றாகத் தேய்த்து, பளபளவென்று இருக்கவும் சாயங்காலமே கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை 200 கிராம் 600 ஆகியிருந்தது. கரைந்த ஃப்ளக்ஸ் கனெக்டரின் அடியில் ஓடித் தங்கியிருந்தது. இரண்டாம் முறை போர்டைத் தலைகீழாகச் சாய்த்து, கனெக்டரின் அடியில் ஊசி முனையால் ஐபிஏ விட்டு, வெளியே வரும் திரவம் நிறமில்லாமல் வரும்வரை விட்டேன். பதினொரு முறை ஆயிற்று. இப்போதும் என் கணக்கு அதுதான்: போர்டு பளபளப்பதைப் பார்க்க மாட்டேன், துணியில் வழிவதன் நிறத்தைப் பார்ப்பேன்.

தண்ணீரில் அலசிய போர்டுக்கும் கடைசியில் ஒருமுறை ஐபிஏ விடுங்கள். அடியில் தங்கிய தண்ணீரோடு கலந்து அதை வெளியே இழுத்துவரும்.

9. உலர்த்துவது

ஐபிஏ தானாகப் பறந்துவிடும், பிறகு என்ன என்று கேட்பார்கள். பறக்கும்போது அது போர்டின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. போர்டு சில்லிட்டுப்போகும். ஜன்னலுக்கு வெளியே மேகம் நிற்கும் நாளில், ஐஸ் போட்ட டம்ளர் வேர்ப்பது போல அந்தச் சில்லிட்ட போர்டின் மேல் காற்றின் ஈரம் படியும். அதாவது ஐபிஏவைத் துரத்திவிட்டுத் தண்ணீரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம். கீழ்நாட்டில் எழுதிய வழிகாட்டிகளில் இது இருக்காது.

முதல் கட்டம்: டேபிள் ஃபேன் காற்றில் போர்டைச் சாய்த்து அரை மணி நேரம். ஐபிஏ வாசனை சுத்தமாகப் போக வேண்டும். வாசனை இருக்கும்போதே மூடிய பெட்டியில் பல்பு போட்டால் ஆவி தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு.

இரண்டாம் கட்டம்: மேலே நான்கைந்து ஓட்டை போட்ட தகரப் பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு. பல்புக்கும் போர்டுக்கும் ஒரு சாண் இடைவெளி. உள்ளே 45 முதல் 50 டிகிரி போதும், ஒரு தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்கள். குறைந்தது எட்டு மணி நேரம். ஒரு பையன் வீட்டில் இதேபோல் பெட்டி செய்துவிட்டு "சூடே ஏறல, அண்ணா" என்றான். போய்ப் பார்த்தால் உள்ளே எல்இடி பல்பு, பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. குண்டு பல்பு இப்போது தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது, கிடைக்கும்போது நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பல்பை அணைத்த பிறகு போர்டு ஆறும்வரை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், மாவும் உமியும்தான் ஏறும். விறகடுப்புக்கு மேலே தொங்கவிடுவதும் வேண்டாம். காயும், கூடவே புகைக்கரியும் படியும். ஹேர் டிரையர் சரி, குறைந்த சூட்டில், ஒரு முழ தூரத்தில், ஆட்டிக்கொண்டே. ஹாட் ஏர் கன் இந்த வேலைக்கு அல்ல.

10. முதல் கரண்ட்

மெயினில் ஓடும் கருவியை நேராக பிளக்கில் சொருகாதீர்கள். சீரிஸ் பல்பு வழியாகக் கொடுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். சீரிஸ் பல்பு கருவியைத்தான் காப்பாற்றும், உங்களை அல்ல. ஷாக் அதிலும் அடிக்கும்.

தராசு போன்ற நுட்பமானவற்றை மூடி போட்டு ஒரு இரவு ஓட விட்டு, காலைப் பனியில் ஒருமுறை பார்த்த பிறகே கொடுங்கள். மதியம் சரியாகக் காட்டுவது கணக்கில் சேராது.

உறைபனிக் காலையில் ஜீப்பில் சில்லிட்டு வந்த கருவியைக் கடைக்குள் கொண்டுவந்ததும் ஆன் செய்யக் கூடாது. சூடான அறையில் அதன் உள்ளே வேர்த்திருக்கும். இரண்டு மணி நேரம் சும்மா இருக்கட்டும்.

11. மேல்பூச்சு

சமவெளியில் இது விருப்பம், இங்கே அவசியம் என்பேன். போர்டுக்கென்றே விற்கும் அக்ரிலிக் பூச்சு ஸ்ப்ரே வாங்குங்கள். பின்னால் ரிப்பேர் வந்தால் கரைத்து எடுக்க முடியும். நெயில் பாலிஷும் மர வார்னிஷும் வேண்டாம். கனெக்டர், ரிலே, திருகும் பாகங்கள், ஹீட் சிங்க் எல்லாவற்றையும் டேப்பால் மூடிவிட்டு மெல்லியதாக இரண்டு பூச்சு. ஈரம் இருக்கும் போர்டில் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவீர்கள், அதனால் உலர்த்தும் பெட்டியிலிருந்து வந்த அன்றே அடியுங்கள்.

ஐபிஏ நனைந்த துணிகளை உருட்டிக் குப்பைக் கூடையில் போடாமல், வெளியே கம்பியில் விரித்துக் காயவிட்டுப் போடுங்கள். பழுப்பான ஐபிஏவை மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் சேருங்கள், ஓடையில் ஊற்றாதீர்கள். கடைசியாக, கருவியின் மூடிக்கு உட்பக்கம் மார்க்கரால் தேதியும் நீங்கள் எடுத்த அழுக்கு எது என்பதும் எழுதி வையுங்கள். '12 கார்த்திகை, பேட்டரி ஆசிட், பூச்சு உண்டு' என்று இரண்டு வரி போதும். அடுத்த ஐப்பசியில் அதே பெட்டி திரும்பி வந்தால், பேட்டரியை இன்வெர்ட்டருக்குப் பக்கத்திலிருந்து தள்ளி வைக்கச் சொன்னோமா இல்லையா என்று வீட்டுக்காரரிடம் கேட்கலாம்.